பாசிட்டிவ், பயாப்ஸி, கெமிஸ்தம்

2020-க்கு முன்னாடி ‘பாசிட்டிவ்’னா நமக்கு நல்ல சொல். அந்த வருஷம் சென்னையில் கொரோனா வந்த வீடுகளை மாநகராட்சி தகரம் வச்சு அடைத்ததும், எங்க மேனாம்பேட்டுப் பாட்டிகளுக்குக்கூட அதன் இன்னொரு அர்த்தம் புரிந்துபோச்சு. அகராதியை யார் புரட்டினாங்க?

சூழல் நல்ல வாத்தியார்தான். ஆனா பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து ஒட்டிவிடும். ‘பயாப்ஸி’யை நாம் கேட்பதெல்லாம் கேன்சர் பேச்சின் நடுவில். அதனால் பயாப்ஸின்னாலே கேன்சர்னு பயந்து, பரிசோதனைக்கே வராமல் நாளைக் கடத்துபவர்கள் உண்டு. எடுத்துப் பார்க்கும் பல துணுக்குகளில் கேன்சரே இருக்காதுங்க!

தெரிந்த சொல்லையே எடுத்தால் இந்தத் தொல்லை குறையும். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிறீன், 1864 முதல் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அறுவை சிகிச்சை நூலுக்கு ‘இரணவைத்தியம்’னு பேர். ரணம் யாருக்குத் தெரியாது? ஆனா வேதியியல் நூலுக்கு அவரே வைத்த பேர் ‘கெமிஸ்தம்’! அவருக்கும் எல்லா இடத்திலும் சொல் சிக்கவில்லை போல.

பயாப்ஸியை நான் ‘சதைத் துணுக்குச் சோதனை’ன்னுதான் சொல்றேன். உடனே வரும் கேள்வி, “வலிக்குமா டாக்டர்?” பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்போம்.