டெக்கீலாவுக்கும் எங்கள் தென்னைக்கும் என்ன சொந்தம்?

கற்பிட்டிக் கரைக்கு கைற் சர்ஃபிங் வந்தது, அதோட ரிசோர்ட் வந்தது, ரிசோர்ட்டோட கொக்டெயிலும் வந்தது. இப்ப அதை வீட்டிலேயே கலந்து பார்க்கிற வீடியோக்கள் எங்கள் எல்லாருடைய போனிலும் ஓடுது. ஸ்ட்ரோபெரி மார்கரீட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். செய்முறையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நுவரெலியா ஸ்ட்ரோபெரி நாலைந்தை நறுக்கி, ஒரு கரண்டி சீனியில் பிரட்டி, அரை மணித்தியாலம் வைத்தால் சாறு விடும். அதை மசித்து, 50 மில்லி டெக்கீலா, 25 மில்லி தேசிக்காய்ப்புளி, கொஞ்சம் தோடம்பழ லிக்கர், ஐஸ் சேர்த்துக் குலுக்கி வடிக்க வேண்டும். கிளாஸ் விளிம்பில் தேசிக்காய் தடவி உப்பில் தொட்டால் வேலை முடிஞ்சுது. உப்புக்குத் தூரம் போகத் தேவையில்லை. பாலாவி உப்பளம் பக்கத்தில்தான் இருக்கு.

அந்தக் கிளாஸில் எங்கள் கரையோடு சொந்தம் கொண்டாட உப்பு மட்டும்தான் இருக்கா? இதை நாங்கள் சும்மா கேட்கவில்லை. டெக்கீலா குடிப்பவரைச் சனம் ‘ஸ்டைலானவர்’ என்று சொல்லும். தவறணையில் கள் குடிப்பவரைக் ‘குடிகாரன்’ என்று சொல்லும். அந்தக் கள்ளுக்காக மரம் ஏறுபவரைச் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடும். இந்த மூன்று பெயர்களும் எங்கிருந்து வந்தன என்று தேடப்போனால் கதை மெக்சிக்கோ வரை போகுது.

டெக்கீலா என்பது மெக்சிக்கோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் ஓர் ஊரின் பெயர். பார்வைக்குக் கற்றாழை போல இருக்கும் நீல அகாவே செடியின் நடுப்பகுதியை வேகவைத்து, நசுக்கி, சாற்றைப் புளிக்க வைத்து, வாலையில் வடித்தால் கிடைப்பது அது. அகாவேச் சாற்றைப் புளிக்க வைத்துக் குடிப்பது ஸ்பானியர் வருவதற்கு முன்பே அங்கே இருந்த பழக்கம். வடிக்கிற கலை எப்படிப் போனது என்பதுதான் கேள்வி.

1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அந்தக் கப்பல்களில் போன பிலிப்பீன்ஸ் ஆட்கள் பலர் மெக்சிக்கோவின் மேற்குக் கரையில், கொலிமாப் பக்கம் தங்கினார்கள். அங்கே தென்னை வளர்த்தார்கள், பாளை சீவினார்கள், கள் இறக்கினார்கள். கூடவே தங்கள் ஊர் வாலையைக் கட்டிச் சாராயமும் வடித்தார்கள். மெக்சிக்கோ ஆய்வாளர்களான டானியல் சிசும்போ-வில்லாரியல், பட்ரீசியா கொலுங்கா ஆகியோர் 2008இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தத் தென்னஞ்சாராய வாலையைப் பார்த்துத்தான் அங்குள்ளவர்கள் அகாவேயையும் வடிக்கத் தொடங்கினார்கள் என்பது அவர்கள் வாதம். வாலையை ஸ்பானியரே கொண்டுவந்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் கொலிமாவில் இன்றைக்கும் தெருவில் தென்னங்கள் விற்கிறார்கள். அதன் பெயர் ‘தூபா’, பிலிப்பீன்ஸ் சொல். அதில் பழத்துண்டும் வேர்க்கடலையும் போட்டுத் தருவார்கள்.

டெக்கீலாவுக்குத் தென்னை உண்மையிலேயே தாத்தா முறையாக இருக்கலாம்.

கலவைக்கும் இதே மாதிரி ஒரு கதை இருக்கு. கொக்டெயிலுக்கு முன்னோடி ‘பஞ்ச்’. கிழக்கிந்தியக் கம்பனி ஆள் ஒருவர் 1632இல் எழுதிய கடிதத்தில் அந்தச் சொல் வருகிறது. சாராயம், சீனி, தேசிக்காய், தண்ணி, வாசனைப் பொருள் என்று ஐந்து சேர்வதால் அந்தப் பெயர் என்பது பலரும் சொல்லும் விளக்கம். பஞ்சாமிர்தத்தில் உள்ள அதே ‘பஞ்ச’. எரிப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றையும் சமன் செய்வதுதான் பஞ்சின் கணக்கு. மார்கரீட்டாவின் கணக்கும் அதுவேதான்.

அப்படியென்றால் எங்கள் கரையில் மட்டும் இந்தத் தொழிலின் பெயர் ஏன் கெட்டது? சாதி ஒரு காரணம். மரம் ஏறுபவரைத் தாழ்த்தி வைத்த சமூகம், அவர் இறக்கித் தந்ததைக் குடிக்க மட்டும் கூச்சப்படவில்லை. அரசாங்கத்தின் வரி இரண்டாவது காரணம். ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்குப் போனது. குத்தகை எடுத்தவர்கள் பெரும் பணக்காரர் ஆனார்கள். அந்தக் காசு தென்னந்தோட்டம், கல்வி, அரசியல் என்று எங்கெங்கே போனது என்பதை வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்தன 2000இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். குத்தகைக்காரரின் பிள்ளைகள் கனவான்கள் ஆனார்கள். சீவல் தொழிலாளியின் பிள்ளைக்குப் பட்டப்பெயர்தான் மிஞ்சியது.

1912இல் மதுவரிக் கட்டளைச்சட்டம் வந்தது. தவறணைகள் பெருகும் என்று அதற்கெதிராக மதுவிலக்கு இயக்கம் கிளம்பியது. பின்னால் நாட்டை ஆண்ட சேனநாயக்க குடும்பத்தாரும் அதில் முன்னால் நின்றார்கள். சட்டம் மட்டும் போகவில்லை, திருத்தங்களோடு இன்றும் இருக்கு. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தன் வளவில் நிற்கிற தென்னையில் கள் இறக்கினாலும் குற்றம்.

அந்தச் சட்டம் வாங்குகிற கையையும் பார்த்தது. பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்ற விதி 1979இல் அதன் கீழ் வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கி வர்த்தமானி வெளியிட்டார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை மீளப்பெறச் சொன்னார். 21 வயது தாண்டிய அக்கா ஒருவர் ஸ்ட்ரோபெரி வாங்கலாம், சீனி வாங்கலாம். போத்தலுக்கு மட்டும் தம்பியை அனுப்ப வேண்டும் என்பதுதான் அந்த விதியின் அர்த்தம்.

மெக்சிக்கோ 1974இல் டெக்கீலா என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. குறித்த பிரதேசத்துக்கு வெளியே யாரும் அந்தப் பெயரில் வடித்து விற்க முடியாது. தென்னை ஆராய்ச்சி நிலையம் எங்கள் மாவட்டத்தில், லுணுவிலவில் 1929இலிருந்து இருக்கு. மாரவில, சிலாபம் என்று கரை நெடுகத் தென்னை நிற்குது. ஏறுவதற்குத்தான் ஆள் குறைந்துகொண்டு போகுது. விழுந்தால் உயிர் போகும் தொழில், மரியாதையும் இல்லாவிட்டால் எந்தப் பொடியன் வருவான்?

இதை எழுதுவது எல்லாரையும் குடிக்கச் சொல்வதற்கு இல்லை. குடியால் உடைந்த வீடுகளை இந்தக் கரையில் நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். கசிப்பு எடுத்த உயிர்களும் கணக்கில் உண்டு. அதனால் கலப்பதோடு நில்லுங்கள், வீட்டில் வடிக்கும் யோசனையே வேண்டாம். எங்கள் குழுவிலும் பாதிப்பேர் குடிப்பதில்லை. அவர்களுக்கு இன்னொரு முறை இருக்கு. உள்ளே சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறங்குகிற நீர் புளிக்காது, இனிப்பாகவே இருக்கும். அதில் மசித்த ஸ்ட்ரோபெரியும் தேசிக்காய்ப்புளியும் விட்டு, விளிம்பில் பாலாவி உப்புத் தொட்டுக் குடித்துப் பாருங்கள். அதற்கும் விடியற்காலையில் ஒருவர் மரம் ஏறியிருப்பார். அவரைப் பெயர் சொல்லி, அண்ணன் என்றோ ஐயா என்றோ கூப்பிடப் பழகுவோம்.