திருவெண்பாக்கமும் பூண்டி நீர்நிலையும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கே சிறந்து விளங்கும் இடங்களை நம் முன்னோர் திருப்பதிகள் எனப் போற்றினர். இம்மூன்றனுள் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடின், அத் திருப்பதி திருப்பதியாய் நிற்குமோ, நில்லாதோ? இவ்வினா வெறும் வாதத்தின் பொருட்டு எழுந்ததன்று. தொண்டைநாட்டில், இற்றைத் திருவள்ளூர் மாவட்டத்தில், குசத்தலையாற்றங்கரையில் விளங்கிய பாடல்பெற்ற தலமொன்றில் இது மெய்யாகவே நிகழ்ந்தது. தீர்த்தமாகிய ஆறு தேக்கப்பெற்றுத் தலமாகிய ஊரை மூடிற்று. மூர்த்தி கரையேறி வேறிடத்தில் எழுந்தருளினார். அத்தலமே திருவெண்பாக்கம்.

இத்தலம்பற்றி யான் பல்லாண்டு மாணாக்கர்க்குக் கூறிவந்த கருத்தொன்று பிழையென்று பின்னர் உணர்ந்தேன். பிழையை வெளிப்படையாகத் திருத்திக்கொள்ளுதல் ஆசிரியத்தொழில் பூண்டார்க்குக் கடனாதலின், இக்கட்டுரையை எழுதலாயினேன்.

திருவெண்பாக்கம் தொண்டைநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் முப்பத்திரண்டனுள் பதினேழாவதாக எண்ணப்பெறுவது. திருவிளம்பூதூர் என்பது இவ்வூர்க்கு வழங்கிய மற்றொரு பெயர். சுவாமிக்கு வெண்பாக்கநாதர், ஊன்றீசுவரர் என்பனவும், அம்மைக்கு மின்னொளியம்மை என்பதும் திருநாமங்கள். தலமரம் இலந்தை. தீர்த்தம் குசத்தலையாறு. ஆளுடைய நம்பிகள் இங்கு அருளிச்செய்த திருப்பதிகம் ஏழாந்திருமுறையில் எண்பத்தொன்பதாவதாக, சீகாமரப் பண்ணில் அமைந்துள்ளது.

நம்பிகள் இங்கு எழுந்தருளிய வரலாறு சைவ நன்மக்கள் அனைவரும் அறிந்ததேயாம். ஆயினும், மேற்கூறப்புகும் பொருட்கு இன்றியமையாமையின் சுருங்கக் கூறுவேம். திருவொற்றியூரிற் சங்கிலியாரைக் கண்ட நம்பிகள் அவரை மணம்புணர்விக்குமாறு இறைவனை வேண்டினர். சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுறவு செய்தல் வேண்டும் என்பது ஆங்கு விதிக்கப்பட்டது. திருமுன்பு சூளுறவு செய்தால் பின்னர் அதனைக் காத்தல் அரிதென்று எண்ணிய நம்பிகள், அவ்வேளையில் இறைவன் மகிழமரத்தின்கீழ் எழுந்தருளியிருத்தல் வேண்டுமென விண்ணப்பித்தனர். இறைவனும் இசைந்தனன். இசைந்தவனே சங்கிலியார் கனவிலே தோன்றி, மகிழின்கீழே சூளுறவு கொள்க என்றும் அருளினன். நம்பிகள் வேறு வழியின்றி மகிழின்கீழே உறுதிமொழி கூறி மணம் புரிந்தனர். சிலகாலம் சென்றபின் திருவாரூர் வசந்தவிழா நினைவுக்கு வரவே, ஒற்றியூர் எல்லையைக் கடந்தனர். கடந்த அளவிலே இருகண்ணும் ஒளியிழந்தனர். வடதிருமுல்லைவாயிலைப் பணிந்து, வழியிற் செல்வார் துணைகொண்டு திருவெண்பாக்கம் அடைந்தனர்.

அங்கே திருக்கோயிலின் முன்நின்று, இறைவனே, நீ இக்கோயிலில் இருக்கின்றனையோ என்று வினவினர். இருக்கின்றோம், நீர் செல்க என்பது விடையாய் வந்தது. அவ்விடையோடு ஊன்றுகோலொன்றும் அருளப்பெற்றது. கண் தரப்பெறவில்லை. அங்கிருந்து பழையனூர்த் திருவாலங்காட்டைச் சார்ந்து, கச்சியேகம்பத்தில் இடக்கண்ணும், இறுதியில் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றனர் என்பது சேக்கிழார் பெருமான் அருளிய வரலாறு.

வரலாற்றை ஆராய்வார் ஈண்டு ஒன்று கருதல் வேண்டும். இத்தலத்துச் செய்திகள் மூன்று படியாக நமக்குக் கிடைத்துள்ளன. முதலாவது நம்பிகளது திருப்பதிகம். சங்கிலியாரை இறைவன் தந்தமையும், கோயிலில் உளனோ என வினவியமையும், கோல் பெற்றமையும், விடைபெற்றமையும் அப்பதிகத்தினுள்ளேயே உள்ளன. ஆதலின் இவை பிற்காலத்தார் புனைந்தன அல்ல. நம்பிகள் தம் வாய்மொழியே. இரண்டாவது பெரியபுராணம். பன்னிரண்டாம் நூற்றாண்டில், தொண்டைநாட்டுக் குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார், பதிகத்தை அடியாகக்கொண்டு முன்னும் பின்னும் தொடர்புபடுத்தி வரலாறாக விரித்தனர். மூன்றாவது தலத்தில் வழங்கும் செவிவழிச் செய்தி. இறைவன் கண் தாராது கோல் தந்தமையால் வெகுண்ட நம்பிகள் அக்கோலை வீசியெறிய, அது நந்தியின்மேற் பட்டுக் கொம்பு ஒடிந்தது என்பர். பின்னர் அம்மை இரங்கி, மின்னல்போல் ஒளிகாட்டி வழிநடத்தினள். அதனாலே மின்னொளியம்மை எனப் பெயர் பெற்றனள் என்றும் உரைப்பர். கொம்பொடிந்த நந்தியை இன்றும் திருக்கோயிலிற் காணலாம். நந்தியின் செய்தி பதிகத்திலும் இல்லை, புராணத்திலும் இல்லை. அதுபற்றி அதனை இகழ்தலும் வேண்டா. பதிகத்தோடு ஒப்பவைத்து மயங்குதலும் வேண்டா. ஊரார் அன்பு நம்பிகளது வருத்தத்தை எவ்வளவு நெருங்கி உணர்ந்தது என்பதற்கு அது சான்றாய் நிற்கின்றது.

தோழனென்று உரிமைபூண்ட அடியவரை இறைவன் ஒறுத்தது என்னை எனின், அதுவும் கருணையே என்பது சித்தாந்தம். அறக்கருணை, மறக்கருணை என அதனை இருவகையாக்குவர். தாய் மகவை ஊட்டுதலும் அடித்தலும் ஒரே அன்பின் இருமுகங்களாதல் போல்வது அது. கண்ணை மறைத்தவன் கோலைக் கொடுத்தான் என்னும் இடத்தை ஊன்றி நோக்குக. மறைத்து நின்றே உயிரை நடத்தும் ஆற்றலைத் திரோதானசத்தி என்று நூல்கள் கூறும். அச்சத்தியின் தொழிலைக் கையாற் பற்றி உணருமாறு காட்டிய தலம் இஃதொன்றே என்பது என் துணிபு.

இனி, பிற்காலத்து நிகழ்ந்ததைக் கூறுவேம். சென்னை நகரம் பெருகப் பெருக, அதன் குடிநீர்க்குப் புழலேரியும் சோழவரம் ஏரியும் போதாவாயின. மழைக்காலத்தில் குசத்தலையாற்றில் வரும் வெள்ளமோ பெரும்பகுதி கடலிற் கலந்தது. 1939ஆம் ஆண்டு சென்னை நகரத்தலைவராய்த் தெரிந்தெடுக்கப்பட்ட தீரர் சத்தியமூர்த்தி, பூண்டியில் அணைகட்டி அவ்வெள்ளத்தைத் தேக்குதற்குப் பெரிதும் முயன்றார். 1940இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. உலகப்போர் நிகழ்ந்த அக்கடிய காலத்திலேயே பணி நடந்து, 1944இல் நீர்த்தேக்கம் திறக்கப்பெற்றது. அதனைக் காணச் சத்தியமூர்த்தி இருந்திலர். 1943 மார்ச்சு மாதத்தில் காலமாயினார். அவர் பெயரால் அது சத்தியமூர்த்தி சாகரம் என வழங்குகின்றது. இன்று அதன் கொள்ளளவு 3231 மில்லியன் கன அடி. 1996ஆம் ஆண்டுமுதல் கிருட்டிணையாற்று நீரும் கண்டலேற்றிலிருந்து கால்வாய்வழி இங்கு வந்து சேர்கின்றது.

அந்நீர்த்தேக்கத்தின் எல்லைக்குள் திருவிளம்பூதூர் அகப்பட்டது. ஊரும், ஊர்நடுவே நம்பிகள் வினவிநின்ற பழங்கோயிலும் நீர்க்கு இடமாயின. திருமேனிகள் எடுக்கப்பெற்றுப் பூண்டியில் புதிய திருக்கோயில் அமைக்கப்பட்டது. அதற்கு 1968இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. எகிப்து நாட்டில் அசுவான் பேரணையின் பொருட்டு அபுசிம்பெல் என்னும் பழங்கோயிலை மலையினின்று துண்டுதுண்டாக அறுத்து, உயரமான இடத்திற்குப் பெயர்த்து நிறுவிமுடித்ததும் அவ் 1968ஆம் ஆண்டிலேயாம். அப்பணிக்கு உலகநாடுகள் பல பொருளுதவி செய்தன. ஆயின், அங்கே வழிபாடு மாய்ந்து பன்னூறாண்டுகள் கழிந்தன, பெயர்த்தமைக்கப்பட்டது கலைப்பொருள். பூண்டிக்குப் பெயர்ந்ததோ நாடோறும் நீராட்டும் அமுதும் கொள்ளும் மூர்த்தி.

இனி, யான் கூறிவந்த பிழை யாதெனின், உரைப்பேன். திருமடத்திற் பயின்ற நாளில் திருமுறைகளைத் தலமுறையாகவும் ஓதினேம். ஒவ்வொரு பதிகத்தையும் அது பிறந்த மண்ணோடு சேர்த்தே உணர்தல் வேண்டுமென்பது எம் ஆசிரியர் கட்டளை. அதனைப் பற்றிக்கொண்ட யான், பின்னர்ப் பள்ளியில் தமிழாசிரியனாயிருந்த காலத்தில் திருவெண்பாக்கத்தைக் குறிக்க நேர்ந்தபோதெல்லாம், இத்தலம் இப்போது இல்லை, நீரில் மூழ்கிவிட்டது என்றே கூறிவந்தேன். திருவாலங்காட்டிற்கும் திருப்பாசூர்க்கும் பன்முறை சென்றும், அணித்தே உள்ள பூண்டிக்குச் சென்றிலேன். தலமின்றி மூர்த்தியை மட்டும் வணங்குதல் குறையுடைத்து என்னும் செருக்கே என்னைத் தடுத்தது. சீற்றமும் சிறிது உண்டு. ஒரு நகரத்தின் தாகத்திற்குத் தேவாரத் தலமொன்று விலையாயிற்றே என்னும் சீற்றம்.

பணியினின்று ஓய்வுபெற்ற பின்னரே அங்குச் செல்ல நேர்ந்தது. திருவள்ளூரினின்றும் ஊத்துக்கோட்டை செல்லும் வழியிற் பேருந்தேறிப் பூண்டியில் இறங்கினேன். முழங்கால் தளர்ந்தமையால் கையிற் கோல் இருந்தது. ஊன்றீசுவரர் திருமுன்பு கோலூன்றிச் செல்வது எனக்கே சிறிது நகை விளைத்தது. வழிபாடு முடிந்தபின், பழங்கோயில் எவ்விடத்திருந்தது என்று அங்கிருந்த முதியவர் ஒருவரை வினவினேன். அவர் நீர்ப்பரப்பின் பக்கமாகக் கைகாட்டி, “ஊர் தண்ணீருக்குள் போயிற்று ஐயா; சாமி எங்களோடு வந்துவிட்டார்” என்றார். அவர் மொழியில் என்பால் இருந்த சீற்றம் இல்லை. தம் வீட்டுப் பெரியவர் உடன்வந்ததைக் கூறுவார்போற் கூறினார்.

அன்றிரவு அத்திருப்பதிகத்தை மீண்டும் ஓதியபோது, முன்னர்ப் பன்முறை ஓதியும் கருதாத ஒன்று புலப்பட்டது. நம்பிகள் வினவியது, நீ இக்கோயிலில் உளையோ என்பது. அவ்வினாவை எழுப்பியவர் கண்ணால் கோயிலைக் காணமாட்டாதவர். மதிலும் விமானமும் அவர்க்கு இல்லாதனவே போன்றன. அந்நிலையில் அவர்க்கு வந்த விடை, உளோம் என்னும் பொருளதே. யானோ கோயில் காணப்படாமையையே காரணமாக்கி, இறைவன் அங்கு இல்லை என்று விடையும் யானே கூறிவிட்டேன். நம்பிகள் வினவவாவது செய்தனர்.

ஆகம நெறியும் எனக்கு மாறாகவே உள்ளது. ஆற்றுப்பெருக்கு முதலியவற்றாற் கேடுற்ற இலிங்கத்தைத் தக்க இடத்திற் பெயர்த்து நிறுவுதலைச் சீர்ணோத்தாரண விதி உடன்படுகின்றது. மூர்த்தியின் ஆற்றலைக் கும்பத்தில் அமைத்துப் பின்னர்ச் சேர்த்தல் திருப்பணிக் காலங்களில் எங்கும் நிகழ்வதே. தில்லைக் கூத்தப்பெருமானே, நாடு அமைதியிழந்த காலத்தில், 1648முதல் 1686வரை தில்லையை நீங்கிக் குடுமியான்மலையிலும் மதுரையிலும் எழுந்தருளியிருந்தனர் என்பது செப்பேடுகளால் அறியப்பட்டது. அவர் மீண்டனர், வெண்பாக்கநாதர் மீளவியலாது என்பது வேற்றுமையே. ஆயினும் அவ்விடைக்காலத்தில் அவர் கூத்தப்பெருமான் அல்லர் என்று எவரேனும் துணிந்து கூறுவரோ? திருவேடமும் ஆலயமும் அரனெனவே தொழற்பாலன என்பது மெய்கண்டதேவர் பன்னிரண்டாஞ் சூத்திரத்து முடிபு. ஆலயம் என்பது பழைய கல்லை மட்டும் குறிப்பதாயின், திருப்பணி கண்ட கோயில் எல்லாவற்றுக்கும் அவ்விழுக்கு வந்தெய்தும்.

இதனால், இழப்பு ஒன்றுமில்லை என்று யான் கூறினேனல்லேன். பழங்கோயிலோடு அம்மண்ணின் நினைவுகள் பல மறைந்தன. ஊரை விடுத்தார் நிலமும் வீடும் விடுத்தனர். பேரணை எழுப்புவார் நீரின் அளவைக் கணிப்பதுபோலவே, மூழ்குவன யாவை என்பதையும் எழுதிவைத்தல் கடமையாம். இழந்ததை இழந்ததென்று கூறுதல் வேறு. எஞ்சியிருப்பதை இல்லையென்று கூறுதல் வேறு. யான் செய்தது பின்னது.

இன்னுமொன்று. குசத்தலையாறு பூண்டியைக் கடந்து கிழக்கே சென்று, திருவொற்றியூர்க்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்திற் கடலொடு கலக்கின்றது. சங்கிலியார் பிறந்த ஞாயிறு என்னும் ஊரும் அவ்வாற்றின் வழியை அடுத்தே உள்ளது. நம்பிகள் கண்ணிழந்து ஒற்றியூரினின்றும் மேற்கே தட்டுத்தடுமாறி வந்தனர். அவர் கோல்பெற்ற இடத்தின்மேல் நின்ற நீர் கால்வாய்வழியே கிழக்கே சென்று சென்னைமக்கள் நீர்வேட்கையைத் தணிக்கின்றது. குடத்தில் அந்நீரை ஏந்துவார் அதன்கீழ் ஒரு தலம் இருந்ததென்று அறிவதில்லை. அறியாதார்க்கும் உதவுதல் கோலைத் தந்தவன் இயல்பேயன்றோ?

திருவாலங்காட்டிற்கும் திருப்பாசூர்க்கும் செல்லும் அன்பர்கள் பூண்டிக்கும் ஒருநாள் சென்று, நம்பிகள் பதிகத்தை அத்திருமுன்பு ஓதி வருவாராக. நீர்க்கரையில் நின்று, பழைய தலம் இருந்த திசையையும் வணங்குக. என்பாற் பயின்ற மாணாக்கர் எவரேனும் இதனைக் காண்பராயின், திருவெண்பாக்கம் இல்லை என்று யான் கூறியதை மறந்து, உள்ளது என்று கொள்வாராக. தம் பிழையை இறைவன் பொறுப்பான் என்னும் நம்பிக்கையோடு தொடங்கும் பதிகம் அது. அப்பொறுமை அடியேற்கும் கிடைக்கும் என்று அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.