பேரிடருக்குப் பின் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி: வல்லக்கோட்டை வட்டாரம்

வெள்ளம், புயல், நிலநடுக்கம், ஆழிப்பேரலை போன்றவற்றில் சிக்கிய மாற்றுத்திறனாளிகளை மீட்பதும், தங்கவைப்பதும், அவர்கள் இழந்த கருவி, மருந்து, ஆவணங்களைத் திரும்பப் பெற்றுத் தருவதும், வீட்டிலும் வேலையிலும் மறுபடி நிலைகொள்ளச் செய்வதும் பேரிடருக்குப் பின் அவர்களுக்குச் செய்யும் உதவியில் அடங்கும். இந்தியாவில் இது அரசின் சட்டக் கடமை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் வல்லக்கோட்டையைச் சூழ்ந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தை வைத்து, 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ஆகியவற்றின் பின்னணியில் இக்கட்டுரை இதை விளக்குகிறது.

வட்டாரமும் வெள்ளமும்

ஏழடி உயர முருகன் சிலையால் பெயர்பெற்ற வல்லக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ளது. சுற்றிலும் ஏரிகள். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிப் போகிறது. கிழக்கே மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் பக்கம் அடையாறு தொடங்குகிறது. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவிலிருந்த நிலத்தில் கடந்த முப்பது ஆண்டுகளில் சிப்காட் தொழில் வளாகங்களும் வாடகைக் குடியிருப்புகளும் எழுந்தன. வெளியூர்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்று ஊர்க்காரருக்கே தெரியாத தெருக்கள் இப்படித்தான் உருவாயின. பேரிடர் நாளில் முதலில் வந்து தூக்கிவிடுபவர் அண்டை வீட்டார் என்பதால் இது சிறிய மாற்றமல்ல.

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்குச் சுமார் 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் மேல்பகுதியில் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. படகில்தான் மக்களை வெளியே கொண்டுவர முடிந்தது. மறுநாள் டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாள். 2023-இல் மிக்ஜாம் புயலின் பெருமழையும் டிசம்பர் 3, 4 தேதிகளில்தான் இப்பகுதியைத் தாக்கியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்திலேயே இந்த நாளும் வருவதால், அதையொட்டிய விழாக்களில் தரப்படும் சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் மழைக்கு முன்பே தரப்படுவது நல்லது.

இறப்பு ஏன் கூடுகிறது

2011 மார்ச் 11-இல் கிழக்கு ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் மாற்றுத்திறனாளிகளின் இறப்பு விகிதம் பொதுமக்களுடையதைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது இலங்கையின் காலி நகரில் கடலோரமாக இருந்த சம்போதி இல்லத்தில் தங்கியிருந்த மாற்றுத்திறனாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஐ.நா.வின் பேரிடர் குறைப்பு அலுவலகம் 2013-இல் 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் மாற்றுத்திறனாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தியது. திடீரெனப் பேரிடர் வந்தால் சிரமமின்றி உடனே வெளியேற முடியும் என்றவர்கள் ஐந்தில் ஒருவரே. 6 விழுக்காட்டினர் வெளியேறவே முடியாது என்றனர்.

இதற்குக் காரணம் உடல் குறைபாடு மட்டுமல்ல. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லும் எச்சரிக்கை காது கேளாதவருக்குப் போய்ச்சேராது. தொலைக்காட்சியில் ஓடும் எழுத்து பார்வையற்றவருக்குப் பயன்படாது. ஏரி திறக்கப்படுகிறது என்பதை எளிய சொல்லில், பழகிய ஆள் ஒருவர் சொன்னால்தான் அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குப் புரியும். எச்சரிக்கையை ஒரே வழியில் சொல்லிவிட்டு எல்லோருக்கும் சொன்னதாகக் கணக்கெழுதும் இடத்தில்தான் முதல் இழப்பு நேர்கிறது.

வெள்ளம் எடுத்துக்கொண்டு போவது

மீட்புக்குழு உயிரைக் காப்பாற்றிவிடலாம். சக்கர நாற்காலி வீட்டிலேயே நின்றுவிட்டால், காப்பாற்றப்பட்டவர் முகாமின் மூலையில் நகர முடியாமல் கிடப்பார். ஆகவே ஆளோடு கருவியும் வரவேண்டும். படகில் இடமில்லாவிட்டால் அடுத்த நடையில் அதையே முதலில் ஏற்றவேண்டும். தூக்குவதற்கு முன் எப்படித் தூக்கவேண்டும் என்று அவரிடமே கேட்கவேண்டும். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. நம் முழங்கையையோ தோளையோ அவர் பற்றிக்கொள்ளட்டும். காதுகேளாதவரிடம் இருட்டில் பேசும்போது டார்ச் வெளிச்சத்தை நம் முகத்தில் அடித்துக்கொள்ளவேண்டும். அவர் கண்ணில் அடித்தால் நம் வாயசைவும் சைகையும் அவருக்குத் தெரியாது. அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தையையும் அதன் தாயையும் வெவ்வேறு படகில் ஏற்றக்கூடாது.

முதுகுத்தண்டுவடம் அடிபட்டவர்கள் தனிக் கவனத்துக்குரியவர்கள். அவர்களில் பலருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. தண்ணீரில் கண்ணாடிச் சில்லு கிழித்தாலும் தெரியாது. முகாமின் சிமெண்டுத் தரையில் ஒரே நிலையில் சில மணி நேரம் உட்கார்ந்தாலே படுக்கைப்புண் தொடங்கிவிடும். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டவேண்டும். மெத்தை, சுத்தமான சிறுநீர்க் குழாய், சோப்பு, குடிநீர் ஆகியவை அவருக்குச் சாப்பாட்டோடு சேர்ந்த தேவைகள். நிவாரணப் பொட்டலத்தில் பிஸ்கட்டும் போர்வையும் இருக்கும், சிறுநீர்க் குழாய் இருக்காது. அதைக் கேட்டு வாங்கிவைக்க முகாமில் ஒருவருக்காவது பொறுப்புத் தரவேண்டும்.

மருந்து நின்றுபோவது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரக்கூடும். மனநல மருந்தும் அப்படியே; நின்றால் பழைய நோய் திரும்பக்கூடும். 2016 சட்டம் அங்கீகரித்த 21 வகைக் குறைபாடுகளில் தலசீமியாவும் ஹீமோபிலியாவும் உண்டு. ஒன்றுக்கு இரத்தம் ஏற்றவேண்டும், மற்றதற்கு உறைவுக் காரணி ஊசி வேண்டும். இவை எந்த அரசு மருத்துவமனையில் கிடைக்கும், சாலை மூழ்கினால் எந்த வழியாகப் போகலாம் என்பதைக் குடும்பம் ஐப்பசிக்கு முன்பே தெரிந்துவைத்திருக்கவேண்டும். சட்டத்தின் 25-ஆம் பிரிவு பேரிடர்க்கால மருத்துவ உதவியையும் அரசின் பொறுப்பில் சேர்த்திருக்கிறது.

கருவிகளுக்கும் பக்குவம் உண்டு. நனைந்த காதொலிக் கருவியின் பேட்டரியைக் கழற்றித் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய டப்பாவில் வைக்கவேண்டும். பேட்டரி சக்கர நாற்காலியும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரும் தண்ணீரில் நின்றிருந்தால், மெக்கானிக் பார்க்கும்வரை ஓட்டக்கூடாது, சார்ஜும் போடக்கூடாது. காலிப்பரின் இரும்பு துருப்பிடிக்கும், தோல்வார் சுருங்கும். செயற்கைக்கால் நீரில் ஊறிப் பொருந்தாமல் போனால் புது அளவெடுக்கவேண்டும். மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் அதே உதவியை மறுபடி பெற முடியாது என்பது பொது விதி. வெள்ளத்தில் கருவியை இழந்தவர்களிடம் இந்த விதியைக் காட்டித் திருப்பியனுப்புவது நியாயமாகாது. பேரிடர் அறிவிக்கப்பட்ட வட்டங்களில் இது தானாகவே தளர்ந்துவிட வேண்டும்.

முகாம்

பள்ளிகளும் கல்யாண மண்டபங்களுமே நம் ஊர்களில் நிவாரண முகாம்கள். மண்டபங்களில் சாப்பாட்டுக்கூடம் ஒரு தளம், தங்கும் அறை இன்னொரு தளம் என்றிருக்கும். நடுவில் படி. பள்ளிகளில் ஒரு வசதி இருக்கிறது: தேர்தல் ஆணையத்தின் விதிப்படி வாக்குச்சாவடிக்காகக் கட்டிய சாய்தளம். வாக்குப்பதிவு நாளுக்காகக் கட்டியது மழைநாளுக்கும் உதவும். அந்த அறைகளை மாற்றுத்திறனாளி குடும்பங்களுக்கென ஒதுக்கினாலே பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதி கழிப்பறை. நாற்காலி நுழையும் வாசல், உட்காரும் வகைக் கழிப்பிடம், உள்ளே தாழ்ப்பாள், வழியில் விளக்கு ஆகியவை இல்லாத முகாமில் மாற்றுத்திறனாளிப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். நோய் அங்கிருந்து தொடங்குகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு நூறு பேர் இரைச்சலிடும் கூடம் பெரும் வதை. ஒரு சிறு அறையைத் தனியே தந்தால் குழந்தையும் தாயும் தேறுவார்கள்.

நிவாரணத் தொகை

2015-இல் வெள்ள நிவாரணம் குடிசை இழந்தோருக்கு 10,000 ரூபாய், மற்றவர்களுக்கு 5,000 ரூபாய் என வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. மிக்ஜாமுக்குப் பின் 6,000 ரூபாய், ரேஷன் கடையில் டோக்கன் முறையில் ரொக்கமாகத் தரப்பட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் குன்றத்தூர் வட்டமும் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தின் சில கிராமங்களும் அதில் இடம்பெற்றன. வங்கி வழி என்றால் வீட்டிலிருந்தபடியே பணம் கணக்குக்கு வந்துசேரும். ஆனால் வெள்ளத்தில் பாஸ்புக்கும் அடையாள அட்டையும் போனவர் அல்லாடுவார். ரொக்கம் என்றால் வரிசையில் நிற்கவேண்டும், கைரேகை வைக்கவேண்டும். வர இயலாதவருக்குப் பதிலாக வேறொருவர் பொருள் வாங்க ரேஷன் விதியிலேயே படிவம் உண்டு. அந்தப் படிவத்தை வெள்ளம் வருவதற்கு முன்பே கொடுத்து வைத்திருப்பது நல்லது.

பேரிடரால் ஊனம் நேர்ந்தவருக்கு மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து இழப்பீடு உண்டு. 2022–26 காலத்துக்கான விதிப்படி கை, கால், கண் இழப்பு 40 முதல் 60 விழுக்காடு என்றால் 74,000 ரூபாய். 60-க்கு மேல் என்றால் 2.5 லட்சம். இதற்கு அரசு மருத்துவரின் சான்று தேவை.

சட்டமும் பட்டியலும்

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், நிவாரணத்தில் பால், சாதி, சமூகம், மரபு, மதம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்று 61-ஆம் பிரிவில் சொல்கிறது. அந்த வரிசையில் குறைபாடு என்ற சொல் இல்லை. இந்தியா 2007 அக்டோபர் 1-இல் ஏற்புறுதி அளித்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 11-ஆம் உறுப்பும், அதன் வழிவந்த 2016 சட்டமும் அந்தக் குறையை நிரப்பின. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டத்தின் 8(3) பிரிவு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்து மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவேடாக வைத்திருக்கவேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. மறுகட்டுமானம் அவர்கள் அணுகும் வகையில் அமையவேண்டும் என்கிறது 8(4). 2019 செப்டம்பரில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தனி வழிகாட்டுநெறிகளையும் வெளியிட்டது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். இவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற தகவல் அரசிடம் இல்லாமலில்லை. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை பெறும் கடுமையான பாதிப்புள்ளோரின் பெயர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உள்ளன. வாக்காளர் பட்டியலில் தனிக் குறிப்பு உண்டு. 2025 ஆகஸ்ட் 12-இல் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கே ரேஷன் பொருள் போகிறது. அந்த வீடுகளின் வாசல் வரை கடைப் பணியாளருக்குத் தெரியும். படகு வைத்திருக்கும் தீயணைப்பு நிலையத்தின் கையிலும், நள்ளிரவில் எழுப்பப்படும் கிராம நிர்வாக அலுவலர் கையிலும் இந்த மூன்று பட்டியலும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதே இத்துறையில் இன்று செய்யவேண்டிய முதல் வேலை.

ஜப்பானின் அனுபவம் இங்கே பாடம். 2011-இல் பல நகராட்சிகளிடம் பட்டியல் இருந்தது. தனியுரிமை கருதி வெளியே தரத் தயங்கின. மினாமிசோமா நகரம் போன்ற மிகச் சில நிர்வாகங்களே அதைத் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுத்தன. 2013-இல் பட்டியல் தயாரிப்பதைச் சட்டம் கட்டாயமாக்கியது. 2021 திருத்தம், ஒவ்வொருவருக்கும் யார் வந்து எந்த வழியாக எங்கே கொண்டுசெல்வது என்ற தனித் திட்டம் வகுக்க முயலும் கடமையை நகராட்சிகளுக்கு விதித்தது. வங்காளதேசத்தின் கைபாந்தா மாவட்டம் இன்னும் நெருக்கமான உதாரணம். ஆண்டுதோறும் வெள்ளம் காணும் அந்த ஊர்களில் மாற்றுத்திறனாளிகளே பேரிடர்க் குழுக்களில் உறுப்பினர்கள். நிலத்தை உயர்த்தி வீடு கட்டியதும், சக்கர நாற்காலி ஏறும் படகைச் செய்ததும் அவர்களுடைய யோசனையோடுதான் நடந்தன.

தொழிற்சாலைகளின் பங்கு

இந்த வட்டாரத்தின் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள் உள்ளன. மின்சாரம் நின்று மின்தூக்கியும் நின்றால், காலில் கட்டுப்போட்ட தொழிலாளியும் மாடியிலிருந்து இறங்க முடியாத நிலையில்தான் இருப்பார். ஆகவே இத்தகைய விடுதிகளின் அவசரத் திட்டத்தில், இறங்க உதவி தேவைப்படுவோரின் பெயர் தளவாரியாக இருக்கவேண்டும். ஜெனரேட்டரும் சுத்தமான குடிநீரும் உள்ள தொழிற்சாலைகள், சுற்றுவட்டக் கிராமத்தில் சுவாசக் கருவியும் பேட்டரி நாற்காலியும் நம்பியிருப்போருக்கு மின்னேற்றும் இடமாகத் தங்கள் வாசலைத் திறக்கலாம். பேரிடர் நிவாரணமும் மறுவாழ்வும் 2019 முதல் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் செலவிடத்தக்க பணிகள். வெளிமாநிலத் தொழிலாளர் சொந்த மாநிலத்தில் பெற்ற மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டை இங்கும் செல்லும். அதை ஏற்க மறுக்கும் அலுவலரிடம் இதை எடுத்துச்சொல்லலாம்.

இந்த ஏற்பாடுகளைத் தெருவாரியாக முடிவுசெய்யக் கிராமசபை ஏற்ற இடம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் கூடுகின்றன. அவற்றில் ஒன்று அக்டோபர் 2. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அந்த மாதத்தின் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. உங்கள் தெருவில் தானாக வெளியேற முடியாதவர் யார், அவரைத் தூக்கப்போகும் இருவர் யார், எந்தப் பள்ளியின் சாய்தள அறை அவருக்கு என்பதை அந்தச் சபையில் கேட்டுத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளியும் அங்கே வந்து பேசும்படி, சபை நடக்கும் இடத்துக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள்.