ஐபி எண்ணை வைத்து ஆளைப் பிடிக்க முடியுமா?

போன பருவத்தில் கல்லூரி விழாவுக்காக ஒரு வாக்கெடுப்புப் பக்கம் எழுதி, வெளியே ஒரு வழங்கியில் ஏற்றியிருந்தேன். ஒரு கணினிக்கு ஒரு ஓட்டு. பி.எச்.பி.யில் 'ரிமோட் ஆடர்' என்ற மாறி வருகிறவரின் ஐபி எண்ணைத் தந்துவிடும். அதைச் சேமித்துக்கொண்டு, அதே எண் மறுபடி வந்தால் தடுக்க வேண்டியதுதான். ஆய்வகத்தில் முதல் ஆள் ஓட்டுப் போட்டதும், மற்ற எல்லாத் திரையிலும் "நீங்கள் ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்கள்" என்று வந்தது! கோச்சடை வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்வரை கிண்டல்.

ஏன் அப்படி? எங்கள் தெருவில் ஒரு காம்பவுண்டு வீடு இருக்கிறது. கதவு எண் ஒன்று, குடித்தனம் எட்டு. கதவு எண்ணை மட்டும் எழுதி அனுப்பினால் கடிதம் யாருக்கு என்று தபால்காரருக்கு எப்படித் தெரியும்? ஆய்வகமும் அப்படித்தான். உள்ளே ஆளுக்கொரு கணினி, வெளியே தெரிவது ஒரே எண்.

இந்த மாறிக்கு ஒரு வரலாறு உண்டு. 1993-ல் அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ. மையத்தில் சி.ஜி.ஐ. முறை உருவானபோதே வந்தது. கூடவே 'ரிமோட் ஐடென்ட்' என்று இன்னொன்றும் இருந்தது. அன்று ஒரு பெரிய யூனிக்ஸ் இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். அதனால் வழங்கி அந்த இயந்திரத்தையே திருப்பிக் கேட்கும், "உன்னிடமிருந்து வந்தது யார்?" என்று. இயந்திரம் பொய் சொன்னால்? சொன்னதுதான் பதில். ஆக, எண் வேறு, ஆள் வேறு என்பது தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம்தான்.

நான்காம் பதிப்பு ஐபி எண்கள் மொத்தமே சுமார் 430 கோடி. தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1994-ல் 'நேட்' என்ற எண் மாற்று முறை முன்மொழியப்பட்டது. நம் காம்பவுண்டு வீடு அதுதான். அதே 1994-ல் நெட்ஸ்கேப்பின் லூ மொண்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தார். அது அடையாளம் காட்டுவது கணினியை அல்ல, உலவியை. உலவியை மாற்றினாலோ, குக்கியை அழித்தாலோ புது ஆள். நெட்வொர்க் அட்டையின் மேக் எண் இருக்கிறதே என்பீர்கள். அது முதல் ரவுட்டரைத் தாண்டி வராது.

இதெல்லாம் ஓட்டுப் பக்கத்தோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். 2007 ஆகஸ்டில் பெங்களூரில் ஒரு இளம் மென்பொருள் பொறியாளரைப் புனே போலீஸ் கைது செய்தது. ஆர்க்குட்டில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் போட்டார் என்று குற்றச்சாட்டு. கூகுள் தந்தது ஒரு ஐபி எண். அது யாருடையது என்று இணையச் சேவை நிறுவனம் ஒரு பெயரைத் தந்தது. அந்தப் பெயர் தவறு. அவர் சிறையில் கழித்தது 50 நாள்! இணைப்புக்கு இணைப்பு எண் மாறும் என்பதால், எண்ணோடு நேரமும் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். வெளிநாட்டு வழங்கி உலகப் பொது நேரத்தில் எழுதும். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அந்த இடைவெளியில் ஒரே எண் எத்தனை வீடுகளுக்குப் போய் வந்திருக்குமோ!

2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசி எண் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டன. பிறகு சேவை நிறுவனங்களே பல சந்தாதாரர்களை ஒரே எண்ணுக்குள் அடைப்பது பரவியது. நம் கைப்பேசிகள் பெரும்பாலும் அப்படித்தான். அதே ஆண்டு ஜூனில் வந்த ஆர்.எஃப்.சி. 6302, வழங்கிகள் ஐபி எண்ணோடு போர்ட் எண்ணையும், நொடி சுத்தமான நேரத்தையும் குறித்து வைக்கச் சொல்கிறது. காம்பவுண்டு வீட்டில் எத்தனையாவது கதவு என்று சொல்வது போர்ட் எண்தான். பி.எச்.பி.யில் 'ரிமோட் போர்ட்' மாறி அதைத் தருகிறது. நான் பார்த்த பாடப்புத்தக உதாரணங்கள் எதிலும் அது இல்லை. எனக்கு இது கோபமாகவே வருகிறது. ஒரே ஒரு வரி, ஐயா!

என் பக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன். இப்போது ஓட்டு பதிவெண்ணுக்கும் ஒருமுறைக் குறியீட்டுக்கும்தான், கணினிக்கு அல்ல. ஐபி, போர்ட், நேரம் மூன்றையும் தனிப் பட்டியலில் சேமிக்கிறேன், நேரத்தோடு '+5:30' என்ற குறிப்பும் சேர்த்து.