வாழ்க்கைக் கணக்கு: தொடக்கப் பள்ளியில் கற்பித்தல்

வாழ்க்கைக் கணக்கு என்பது எண்களையும் குறிகளையும் நேராகத் தராமல், ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லி அதற்குள் கேள்வியை வைக்கும் கணக்கு. 45 − 18 என்பது வெறும் கணக்கு. பூக்காரி 45 முழம் பூவில் 18 முழம் விற்றாள், மீதி எவ்வளவு என்பது வாழ்க்கைக் கணக்கு. தமிழகப் பள்ளிகளில் இந்தப் பெயர் வழங்குகிறது. இலங்கைப் பாடநூல்கள் பிரசினம் என்ற சொல்லைக் கையாள்கின்றன. கூட்டலும் கழித்தலும் பிழையில்லாமல் போடும் பிள்ளை, அதே எண்கள் வாக்கியத்துக்குள் வந்தால் பென்சில் நுனியைக் கடிக்கத் தொடங்கிவிடுகிறது. பிறகு ஆசிரியரிடம் வந்து, "மிஸ், இது கூட்டலா, கழித்தலா?" என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடுவதே இந்தப் பாடத்தில் பெரியவர்கள் செய்யும் முதல் தவறு. பிள்ளை தடுமாறுவது பெரும்பாலும் எண்ணில் அல்ல, வாக்கியத்தில். ஆகவே உதவியும் வாக்கியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பழைய மரபு

கதையாகக் கணக்குச் சொல்வது புதுப் பழக்கம் அன்று. 1150ஆம் ஆண்டளவில் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதி, தேனீக்களையும் குரங்குகளையும் வைத்துக் கேள்வி கேட்கிறது. தமிழில் காரி நாயனாரின் கணக்கதிகாரம் நிலம், நெல், பொன் என்று அன்றாடப் பொருள்களையே வெண்பாக் கணக்குகளாக்கியது. பலாப்பழத்தை அறுக்காமல் காம்பருகே உள்ள முள்ளை எண்ணிச் சுளையின் தொகையைச் சொல்லும் வழியும் அதில் உண்டு (பழம் அந்தச் சூத்திரத்துக்குக் கட்டுப்படுமா என்பது வேறு விஷயம்). திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, அந்த வாய்ப்பாடு எங்கே பயன்படும் என்பது ஊர்ச் சந்தையிலும் களத்துமேட்டிலும் கண்ணெதிரே தெரிந்தது. இன்றைய பிள்ளைக்கு அந்த வேலையைப் பாடநூல் வாக்கியமே செய்ய வேண்டியிருக்கிறது.

கதை தடையா, துணையா?

வாக்கியம் எப்போதும் சுமை என்று நினைத்துவிடக் கூடாது. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்ற 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து பிள்ளைகளை நூனிஸ், கராஹெர், ஷ்லீமன் ஆகியோர் ஆராய்ந்து 1985இல் வெளியிட்டனர். விற்கும் இடத்தில் கேட்டபோது 98 விழுக்காடு சரியான விடை. அதே எண்களைப் பின்னர்த் தாளில் கொடுத்தபோது, கதையோடு கூடிய கணக்கில் 74 விழுக்காடு. வெறும் எண்களில் 37 விழுக்காடுதான். ஒரு தேங்காய் 35 குரூசெய்ரோ என்றால் 10 காய்க்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, 12 வயதுப் பையன் மூன்று காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று மூன்று மூன்றாக ஏறி 350க்கு வந்து சேர்ந்தான். 35க்குப் பின்னால் ஒரு சுழியம் போடும் பள்ளி வழி அவனுக்குத் தேவைப்படவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழுவினர் 2025இல் நேச்சர் இதழில் எழுதினர். கடையில் சிக்கலான கொடுக்கல் வாங்கலை மனத்திலேயே முடிக்கும் பிள்ளைகள் பள்ளி வடிவக் கணக்கில் திணறினர். கடையறியாத பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினர். கடைக்கு அனுப்பினால் கணக்கு தானே வந்துவிடும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. கடைக்கும் நோட்டுக்கும் இடையே யாராவது பாலம் போட வேண்டும்.

சொல்லை மாற்றினால் கணக்கே மாறும்

1983இல் ஹட்சன் என்ற ஆய்வாளர் சிறு பிள்ளைகளிடம் ஐந்து பறவையும் நான்கு புழுவும் உள்ள படத்தைக் காட்டினார். புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம் என்று கேட்டபோது முதல் வகுப்புப் பிள்ளைகளில் 64 விழுக்காட்டினரே சரியாகச் சொன்னார்கள். ஒவ்வொரு பறவையும் ஒரு புழுவைப் பிடிக்க ஓடினால் எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது என்று கேட்டதும் அத்தனை பேரும் சரியாகச் சொன்னார்கள். மழலையர் வகுப்பில் இந்த வேறுபாடு 25க்கும் 96க்கும் இடையே இருந்தது. படமும் எண்ணும் விடையும் ஒன்றே. மாறியது கேள்வியின் சொற்கள் மட்டும்.

தமிழில் இந்தச் சிக்கலுக்குத் தனி முகங்கள் உண்டு. முதலாவது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். வீட்டில் "அஞ்சு ரூபா கூட இருக்கு", "ரெண்டு கம்மியா இருக்கு", "மிச்சம் எவ்ளோ" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, நூலில் அதிகம், குறைவு, எஞ்சியவை, மீதமுள்ளவை என்று படிக்கிறது. பாக்கி என்ற சொல் கடைக்காரர் திருப்பித் தரும் சில்லறையையும் குறிக்கும், நாம் அவருக்குத் தர வேண்டிய கடனையும் குறிக்கும். ஒருவருக்கு 3 வீதம் என்றால் என்ன என்று மூன்றாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு மூணு என்று சொன்னதும் முகம் மலரும்.

இரண்டாவது, வேற்றுமை உருபு. கண்ணனுக்குக் கொடுத்தாள், கண்ணனிடமிருந்து வாங்கினாள், கண்ணனிடம் இருக்கிறது: யார் கையில் கூடியது, யார் கையில் குறைந்தது என்பதை ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு துண்டுதான் சொல்கிறது. வேகமாகப் படிக்கும் பிள்ளை பெயரையும் எண்ணையும் பொறுக்கிக்கொண்டு உருபைக் கடந்து போய்விடும்.

மூன்றாவதுதான் பெரிது. தமிழ் வாக்கியம் எச்சங்களை அடுக்கி நீண்டுகொண்டே போக இடம் கொடுக்கும். வினைமுற்று கடைசியில் வரும். "ஒன்று 18 ரூபாய் விலையுள்ள 3 நோட்டுகளும் 12 ரூபாய்ப் பேனா ஒன்றும் வாங்கிய நிலா கடைக்காரரிடம் 100 ரூபாய் கொடுத்திருந்தால் அவள் பெற வேண்டிய மீதித் தொகை எவ்வளவு?" இதில் நடந்தவை மூன்று, ஆனால் வாக்கியம் ஒன்று. "போக" என்ற சொல்லும் இப்படியே: அழுகியவை போக மீதியை அடுக்கினார் என்பதில் ஒரு முழுக் கழித்தல் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. நிலாவின் வாக்கியத்தை உடைத்துச் சொன்னால் போதும். நிலா கடைக்குப் போனாள். 3 நோட்டு வாங்கினாள். ஒரு நோட்டு 18 ரூபாய். ஒரு பேனாவும் வாங்கினாள். அது 12 ரூபாய். 100 ரூபாய் கொடுத்தாள். கடைக்காரர் எவ்வளவு திருப்பித் தருவார்? இப்போது நோட்டுக்கு 54, பேனாவோடு 66, கைக்கு வருவது 34 என்று பிள்ளை வரிசையாகப் போய்விடும். நீண்ட வாக்கியத்தை முற்றுவினைகளாக உடைக்கும் பயிற்சியைக் கணக்கு வகுப்பிலேயே கொடுக்க வேண்டும். மொழிப் பாட ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று விடுவதற்கில்லை. தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் இருவரும் ஒருவரே.

குறிச்சொல் என்னும் குறுக்கு வழி

"மொத்தம் வந்தால் கூட்டு, மீதி வந்தால் கழி, அதிகம் வந்தால் கூட்டு." தேர்வு நெருங்கும்போது பல வகுப்புகளில் இது வாய்ப்பாடு போல ஒப்பிக்கப்படுகிறது. எளிய கணக்குகளில் பலிக்கும், அதுதான் ஆபத்து. கமலாவிடம் 12 புளியங்கொட்டை உள்ளன, அது மீனாவிடம் இருப்பதைவிட 5 அதிகம், மீனாவிடம் எத்தனை என்று கேளுங்கள். அதிகம் என்ற சொல்லைக் கண்டதும் 17 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய, விடை 7. குளத்தில் சில கொக்குகள் இருந்தன, 5 பறந்துபோயின, இப்போது 8 உள்ளன, முதலில் எத்தனை? பறந்துபோயின என்ற சொல் கழிக்கச் சொல்கிறது, கணக்கோ கூட்டச் சொல்கிறது. இந்தத் திசை முரணைப் பற்றி லூயிஸ், மேயர் இருவரும் 1987இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

குறிச்சொல்லை நம்பிப் பழகியவர்கள் கடைசியில் எங்கே போய் நிற்பார்கள் என்பதற்குப் பிரான்சில் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 1980ஐ ஒட்டி கிரெனோபிள் நகர ஆய்வு நிறுவனம் ஒன்று, கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் உள்ளன, கப்பல் தலைவரின் வயது என்ன என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் கேட்டது. 76 பேர் கொடுத்த எண்களைக் கொண்டு ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். சிரிக்கலாம். ஆனால் ஆசிரியர் கேட்டால் விடை இருந்தே தீரும், எண்ணிருந்தால் ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது பள்ளிதான்.

அமைப்பை அறிதல்

குறிச்சொல்லுக்கு மாற்று, கதையின் அமைப்பைப் பார்ப்பது. ரைலி, கிரீனோ, ஹெல்லர் ஆகியோர் 1983இலும், தாமஸ் கார்பென்டர் குழுவினர் அதைத் தொடர்ந்தும், கூட்டல் கழித்தல் கதைகளைச் சில வகைகளாகப் பிரித்தனர். ஒன்றோடு சேர்வது அல்லது பிரிந்து போவது, ஒரு முழுமையின் இரு பகுதிகள், இரண்டை ஒப்பிடுவது. ஒவ்வொன்றிலும் தெரியாத எண் தொடக்கத்திலோ நடுவிலோ முடிவிலோ இருக்கலாம். முடிவு தெரியாத கணக்கு எளிது. கொக்குக் கணக்கைப் போலத் தொடக்கம் தெரியாதது கடினம். வகுப்பில் கொடுக்கும் பத்துக் கணக்கில் ஒன்பது முடிவு தெரியாத கணக்காகவே இருந்தால், பிள்ளைக்கு யோசிக்கவே வேலை இருக்காது.

வகுத்தலிலும் இரண்டு முகம். 12 லட்டை 3 பேருக்குச் சமமாகப் பங்கிடுவது ஒன்று. டப்பாவுக்கு 3 லட்டாக அடுக்கினால் எத்தனை டப்பா என்பது மற்றொன்று. நோட்டில் இரண்டும் 12 ÷ 3 தான். ஆனால் முதலாவதைப் பிள்ளை ஆளுக்கு ஒன்றாகப் பகிர்ந்து செய்யும், இரண்டாவதை மும்மூன்றாக எடுத்து வைத்துச் செய்யும். புளியங்கொட்டையோ பல்லாங்குழியோ கையில் கொடுத்துவிட்டுப் பார்த்தால் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

பட்டைப் படம்

பொருளைத் தொட்டுப் பார்த்தல், படமாக வரைதல், பிறகு குறியால் எழுதுதல் என்ற வரிசையை ஜெரோம் புரூனரின் 1960களின் எழுத்துகளிலிருந்து எடுத்துக்கொண்டு, சிங்கப்பூர் 1980களில் பட்டை வரையும் முறையை வளர்த்தது. கோ டெக் ஹாங் அந்தக் குழுவை வழிநடத்தினார். மேலே சொன்ன கமலா கணக்குக்கு ஒரு நீளப் பட்டை வரைந்து 12 என்று எழுதி, அதன் கீழே மீனாவுக்கு ஒரு குட்டைப் பட்டை வரைய வேண்டும். நீளப் பட்டையில் மிஞ்சி நிற்கும் துண்டுதான் 5. யார் பட்டை நீளம் என்று தீர்மானிக்கும் நொடியிலேயே கணக்கு பாதி முடிந்துவிடுகிறது. அழகாகவோ அளந்தோ வரையத் தேவையில்லை. மாம்பழக் கணக்குக்கு மாம்பழத்தை வண்ணம் தீட்டி வரையும் பிள்ளையைப் பாராட்டலாம், ஆனால் அது ஓவிய வகுப்பு. பட்டை முறையைச் சிங்கப்பூரில் தமிழ்ப் பிள்ளைகள் உட்பட எல்லாரும் பள்ளியில் கற்கிறார்கள்.

வகுப்பில் செய்யத்தக்கவை

ஜார்ஜ் பொல்யா 1945இல் வெளியிட்ட நூலில் புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார் என்று நான்கு படி சொன்னார். அவை இன்று நம் வகுப்புகளில் கொடுக்கப்பட்டவை, காண வேண்டியது, செயல், விடை என்ற தலைப்புகளாக நோட்டில் சடங்காகிவிட்டன. தலைப்புகளை எழுதிவிட்டால் புரிந்துவிட்டது என்று பொருளல்ல. இதைவிட உதவுவது, நோட்டை மூடச் சொல்லி, "என்ன நடந்துச்சுன்னு உன் வாயால சொல்லு" என்று கேட்பது. கதையைத் தன் பேச்சில் சொல்ல முடிந்த பிள்ளைக்குக் கணக்கு அநேகமாக வந்துவிடும். சொல்ல முடியாதபோது எந்த வரியில் நிற்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

எண்களை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் கொடுப்பது இன்னொரு நல்ல வழி. நிலா சில நோட்டும் ஒரு பேனாவும் வாங்கினாள், கொஞ்சம் பணம் கொடுத்தாள். என்ன கேட்கலாம்? விடை கொடுத்த பணத்தைவிடக் கூடுமா குறையுமா? எண் இல்லாததால் கை எதையும் பிடித்துக் கூட்ட முடியாது. மனம் கதையில் நிற்கும். தலைகீழாகவும் செய்யலாம். 15 − 6 என்று பலகையில் எழுதி, இதற்கு ஆளுக்கொரு கதை சொல்லச் சொல்ல வேண்டும். முதல் பத்துக் கதையிலும் யாராவது மிட்டாய் தின்றே தீருவார்கள். பதினொன்றாவது பிள்ளை, "எனக்கு 6 வயசு, 15 வயசு ஆக இன்னும் எத்தனை வருஷம்?" என்று கேட்டால் அந்த வகுப்பு வெற்றி.

மீதி வரும்போது

26ஐ 8ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 2. ஆனால் 26 பிள்ளைகளை எட்டெட்டுப் பேராக வேனில் ஏற்றினால் 4 வேன் வேண்டும். 26 ரூபாய்க்கு 8 ரூபாய்ப் பேனா 3தான் வாங்கலாம். 26 லட்டை 8 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்றே கால். அமெரிக்காவில் 13 வயது மாணவர்களுக்கு வைக்கப்பட்டு 1983இல் முடிவு வெளியான நாடளாவிய தேர்வில், 1128 வீரர்களை 36 பேர் ஏறும் பேருந்துகளில் அனுப்ப எத்தனை பேருந்து வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வகுத்தலைச் சரியாகச் செய்தவர்கள் ஏறத்தாழ 70 விழுக்காடு; 32 பேருந்து என்று எழுதியவர்கள் 23 விழுக்காடு. 31 பேருந்து மீதி 12 என்று எழுதியவர்கள் அதைவிட அதிகம், 29 விழுக்காடு. அந்தப் பன்னிரண்டு வீரர்கள் சாலையில் நிற்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

வீட்டில்

பெற்றோர் செய்ய வேண்டியது குறைவு. பிள்ளை படிக்கும் முன் தாமே படித்து, "இது பெருக்கல்" என்று சொல்லிவிடாமல் இருந்தால் போதும். பஸ்ஸில் நாலு டிக்கெட் எடுத்ததையும், ரேஷன் கடையில் அரிசி வாங்கியதையும் வீட்டுக்கு வந்ததும் நோட்டில் ஒரு கணக்காக எழுதச் சொல்லலாம். கடைக்கும் நோட்டுக்கும் நடுவிலான பாலம் அப்படித்தான் எழும். கணக்கு நூலைத் திறந்ததும் அழும் பிள்ளைக்கு, முதல் நாள் வாக்கியத்தை நீங்களே கதையாக வாசித்துக் காட்டுங்கள். பல நேரங்களில் பிள்ளை சிக்கியிருப்பது எழுத்துக் கூட்டும் வேலையிலேயே. காதால் கேட்டதும் விடை வந்துவிடும்.