திரைப்படப் பழம்பொருள்களும் விலையேற்றமும்

ஒரு காலத்தில் கழிபொருளாகக் கருதப்பட்டவை பிறிதொரு காலத்தில் அரும்பொருளாக மதிக்கப்பெறுதல் வரலாற்றில் பலகாலும் காணப்படுவதேயாகும். அமெரிக்கத் திரைப்படப் பழம்பொருள்கள் இதற்குச் சிறந்த சான்று. அவற்றின் விலை உயர்ந்த வரலாற்றையும், அதனால் சேகரிப்போர் எய்திய இன்பத்தையும் இடரையும் ஈண்டு ஆராய்வோம்.

ஹாலிவுட் நிறுவனங்கள் ஒரு படத்திற்குத் தைத்த உடைகளை மாற்றித் தைத்து வேறு படங்களுக்குப் பயன்படுத்தின. சுவரொட்டிகளின் நிலையும் இத்தகையதே. அவை அரங்குகளுக்கு வாடகைக்கு அளிக்கப்பெற்று, காட்சி முடிந்தபின் திரும்பப் பெறப்பட்டன; கைமாறிக் கைமாறிக் கிழிந்தொழிந்தன. எஞ்சியவற்றின் அருமைக்கு இதுவே முதற்காரணம். 1927ஆம் ஆண்டில் வெளிவந்த 'மெட்ரோபோலிஸ்' என்னும் செருமானியப் படத்தின் பெரிய சுவரொட்டியில் 4 படிகளே இன்று அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று 2005இல் 6,90,000 டாலருக்கு விலைபோயிற்று.

1970ஆம் ஆண்டு மே மாதத்தில் எம்.ஜி.எம். நிறுவனத்தின் உடைகளும் அரங்கப் பொருள்களும் ஏலத்தில் விற்கப்பட்டமை இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். 1939இல் வெளிவந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் ஜூடி கார்லண்ட் அணிந்த சிவப்புக் காலணிகளுள் ஓர் இணை அன்று 15,000 டாலருக்கு விற்றது. அதனோடொத்த வேறோர் இணை 2024 டிசம்பரில் 2 கோடியே 80 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. கட்டணம் சேர்ந்தபோது தொகை 3 கோடியே 25 இலட்சமாயிற்று. இவ்விடைக்காலத்தில் அமெரிக்கப் பொது விலைவாசி ஏறத்தாழ 8 மடங்கே உயர்ந்தது. காலணியின் விலையோ 1,800 மடங்கிற்கும் மேல் ஏறியது. எனவே, பணத்தின் மதிப்புக் குறைந்தமை மட்டும் இதற்குக் காரணமன்று என்பது வெளிப்படை.

வேறு காரணங்கள் யாவை? 1956 முதல் தொலைக்காட்சி வாயிலாக அப்படம் வீடுதோறும் சென்றது; இளமையில் அதைக் கண்டோர் பொருள்வளம் பெற்ற பருவத்தில் அந்நினைவை விலைகொடுத்து வாங்க முற்பட்டனர். 1979இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் ஓர் இணையை ஏற்றமையால் அவை நாட்டின் பழம்பொருள் என்ற தகுதியையும் எய்தின.

விலையேற்றம் சேகரிப்போர்க்கு ஒருமுகமான நன்மையன்று. நடிகை டெபி ரெனால்ட்ஸ் 1970ஆம் ஆண்டு ஏலத்தில் மிகுதியாக வாங்கி, அவற்றிற்கு நிலையான அருங்காட்சியகம் அமைக்கப் பல்லாண்டு முயன்றார், அம்முயற்சி நிலைபெறவில்லை. 2011இல் அவர் சேகரித்தவை விற்கப்பட்டபோது, மர்லின் மன்றோவின் வெள்ளை உடை ஒன்றே 46 இலட்சம் டாலர் பெற்றது. விலை உயர்ந்தது; ஒருங்கே இருந்த தொகுதியோ பலர் கையிற் சிதறியது.

2005இல் மின்னசோட்டா மாநில அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து அக்காலணிகளுள் ஓர் இணை களவு போயிற்று. களவாடியவர் அவற்றில் உண்மையான மாணிக்கக் கற்கள் இருப்பதாக எண்ணினார் என வழக்கில் கூறப்பட்டது. உண்மையில் அவற்றில் இருந்தவை கண்ணாடி மணிகளும் மின்னும் சிறு தகடுகளுமே. பொருளின் மதிப்பு அதன் மூலப்பொருளில் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 2018இல் மீட்கப்பட்ட அவ்விணையை ஸ்மித்சோனியனில் உள்ளதனோடு ஒப்பிட்டபோது, இரண்டு இணைகளும் இடமாறிக் கலந்திருந்தமை புலனாயிற்று. ஒன்றன் இடக்காலணி மற்றதன் வலக்காலணியோடு சேர்ந்திருந்தது. 2024இல் பெருவிலை பெற்றது மீட்கப்பட்ட இவ்விணையேயாகும்.

ஏலத்தொகை இவ்வுண்மையை நமக்கு உணர்த்தவில்லை. பொருளைக் கூர்ந்து நோக்கிய பயிற்சியே உணர்த்திற்று. சேகரிப்போர் பெறும் இன்பமும் இத்தகையதே. தையலையும் தாளின் மடிப்பையும் நோக்கி, இஃது எவ்வாறு தோன்றியது, யார் கையில் இருந்தது என்று தேர்ந்து தெளிதலே அவ்வின்பம். 1970இல் இவ்வார்வமுடைய சிலர் இல்லாதிருந்தால் இன்று ஆராய்வதற்குப் பொருளே எஞ்சியிராது. விலை பொருளைக் காக்கத் தூண்டலாம். அதன் வரலாற்றைக் காப்பது அறிவே. ஆதலின் சேகரிப்போர் ஒவ்வொருவரும் பொருளோடு அதன் வரலாற்றுக் குறிப்பையும் எழுதிவைத்தல் இன்றியமையாதது என்பது நம் துணிபு.