ஆசனமும் அணியும்: உலக வீதிச் சைக்கிளோட்டத்தில் தேசிய அணிகளின் தோற்றம்

வரலாற்றாசிரியர் எரிக் ஹொப்ஸ்பாம் 1985இல் பெல்பாஸ்ற் நகரின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகள் 1990இல் தேசங்களையும் தேசியவாதத்தையும் பற்றிய நூலாக வெளிவந்தன. அந்நூலில் விளையாட்டுக்குக் கிடைத்த இடம் ஓரிரு பக்கங்களே. ஆயினும் விளையாட்டும் தேசியமும் என்று எழுதப் புகுவோர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான். இரு உலகப் போர்களுக்கு இடையில் சர்வதேச விளையாட்டு தேசங்கள் மோதும் களமாயிற்று, தேசம் என்ற பேருருவை மக்கள் ஒரு சிறு அணியின் வடிவில் கண்டுகொண்டார்கள் என்பது அவர் வாதம். அதற்கு அவர் அடுக்கும் சான்றுகள்: டூர் டி பிரான்ஸில் தேசிய அணிகள் மேலோங்கியமை, மத்திய ஐரோப்பாவின் மித்ரோபா கிண்ணம், உதைபந்தாட்ட உலகக் கிண்ணம், 1936 ஒலிம்பிக்.

பின்னைய மூன்றோடு எனக்கு வழக்கில்லை. முதலாவது சான்றைத்தான் ஏற்க முடியவில்லை. சைக்கிளோட்டத்தில் தேசிய அணிகளுக்கென்றே ஒரு போட்டி அக்காலத்தில் நடந்துகொண்டிருந்தது. அமெச்சூர்களுக்கான உலக வீதிச் சம்பியன்ஷிப் 1921இல் கொப்பன்ஹேகனில் தொடங்கியது. தொழில்முறை வீரர்களுக்கான பட்டம் 1927இல் ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங்கில் வந்தது. ஹொப்ஸ்பாம் அதை விட்டுவிட்டு டூரை எடுத்துக்கொள்கிறார். தவறான மரத்தில் ஏறியதால் அவருக்குக் கிடைத்த காய் வேறாயிற்று என்பது என் கருத்து.

டூரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1929இல் நோயுற்றிருந்த மொறிஸ் டி வேல், அல்சியோன் என்ற சைக்கிள் நிறுவன அணியின் தயவால் மஞ்சள் சட்டையோடு பாரிஸ் வந்து சேர்ந்தார். அமைப்பாளர் ஹென்றி டெக்ரான்ஜுக்கு அது பொறுக்கவில்லை. மறு ஆண்டே நிறுவன அணிகளை விலக்கி, ஐந்து தேசிய அணிகளை இறக்கினார். நிறுவனங்கள் ஏற்றுவந்த செலவு அவர் தலையில் விழுந்தது. போட்டிக்கு முன்னால் செல்லும் விளம்பர வண்டிகளின் ஊர்வலம் அந்தச் செலவை ஈடுகட்டப் பிறந்ததே. 1962இல் நிறுவன அணிகள் திரும்பி வந்தன. 1967, 1968 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டும் தேசிய அணிகள் மீண்டன, பிறகு மறைந்தே போயின. ஓர் அமைப்பாளரின் கோபத்தில் பிறந்து, கணக்குப் புத்தகத்தின் நிர்ப்பந்தத்தில் மறைந்த ஓர் ஏற்பாட்டை மக்களின் தேச உணர்வுக்குச் சான்றாக நிறுத்துவது கடினம். டூரை வீதியோரம் நின்று பார்த்தவர்களிடம் அந்த உணர்வு இல்லை என்று நான் சொல்லவில்லை. அணியைப் படைத்தது அந்த உணர்வா என்பதே கேள்வி.

உலகச் சம்பியன்ஷிப்பின் வேர் வேறோர் இடத்தில் இருக்கிறது. 1892இல் லண்டனில் அமைந்த சர்வதேசச் சங்கத்தின் கீழ் 1893இல் சிக்காகோவில் முதலாவது உலகப் போட்டி நடந்தது. அது ஓடுபாதைப் போட்டி. அந்தச் சங்கத்தை உடைத்த தகராறு, பிரித்தானியா ஓர் அணியா, இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் எனப் பல அணிகளா என்பது. அணி பலவானால் வாக்கும் பலவாகும். அதை ஏற்காத பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி, சுவிற்சர்லாந்து, அமெரிக்கா ஆகியவற்றின் சங்கங்கள் 1900 ஏப்ரல் 14 அன்று பாரிஸில் கூடி, இன்றுவரை நிலைத்திருக்கும் சர்வதேசச் சைக்கிளோட்ட ஒன்றியத்தை நிறுவின. சைக்கிளோட்ட உலகில் தேசம் என்ற அலகு முதலில் பேசப்பட்டது மேசையைச் சுற்றி, ஆசனங்களை எண்ணும்போது. வீதியில் கொடி அசைத்தவர்கள் அதற்குப் பின்னரே வருகிறார்கள்.

இந்த இடத்தில் நான் தங்கி நின்று பார்க்க விரும்புவது ஒரேயொரு முடிவுப் பட்டியலை. 1912 ஜூலை 7, ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கின் வீதிச் சைக்கிளோட்டம். மேலாரன் ஏரியைச் சுற்றி 315 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம். அதிகாலை 2 மணிக்கு முதலாவது வீரர் புறப்பட்டார். இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக மற்றவர்கள் தொடர்ந்தனர். ஒரு நாடு 12 பேர் வரை இறக்கலாம். அவர்களில் சிறந்த நால்வரின் நேரத்தைக் கூட்டினால் அணியின் நேரம் கிடைக்கும். சுவீடன் முதலாவது, இங்கிலாந்து இரண்டாவது, அமெரிக்கா மூன்றாவது, ஸ்கொட்லாந்து நான்காவது. அயர்லாந்து பதினோராவது. இன்றைய பதக்க அட்டவணைகளைப் பார்த்தால் அந்த வெள்ளிக்கு நேரே இருப்பது இங்கிலாந்து அல்ல, பிரித்தானியா.

இந்தப் பாடபேதத்தை எழுத்தரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. 1900இல் ஒன்றியம் பிறந்ததே பிரித்தானியா ஒன்றாக நிற்கவேண்டும் என்பதற்காக. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் வீதியில் அது மூன்றாக நிற்கிறது. அதற்குப் பின்வந்த பட்டியல்காரர்கள் அந்த மூன்றையும் மீண்டும் ஒன்றாக்கினார்கள். வெள்ளி வென்ற ஃபிரெடெரிக் கிரப் முதலிய நால்வரும் அன்று ஓட்டியது இங்கிலாந்தின் பேரில். பிற்காலத்துப் பதிவேடு அவர்களை வேறொரு தேசத்தில் சேர்த்துவிட்டது. ஓட்டியவருடைய மனத்தில் எந்தத் தேசம் இருந்தது என்று இரண்டு பாடங்களுமே நமக்குச் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. அன்று வென்ற நால்வர் அணி எதுவும் வீதியில் அணியாக ஓடவில்லை. தனித்தனியே புறப்பட்டு, தனித்தனியே காற்றை எதிர்த்து, தனித்தனியே வந்து சேர்ந்தவர்களை அதிகாரியின் கூட்டல் ஓர் அணியாக்கியது. அணி இருந்த இடம் காகிதம். தனிநபர் தங்கத்தை 10 மணி 42 நிமிடம் 39 செக்கனில் வென்றவர் தென்னாபிரிக்காவின் ருடொல்ஃப் லூயிஸ். தென்னாபிரிக்க ஒன்றியம் என்ற அந்த அரசுக்கு அப்போது வயது இரண்டு. லூயிஸ் முதல் உலகப் போரில் ஜேர்மன் படையில் சேர்ந்து போரிட்டவர் என்று அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. அப்படியானால் பட்டியலிலுள்ள தேசமும் அவர் உயிரைக் கொடுக்கத் துணிந்த தேசமும் வேறுவேறு. ஒரு பட்டியலின் மேல் இவ்வளவு சுமையை ஏற்றலாமா என்று கேட்கப்படலாம். சான்று மெலிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஹொப்ஸ்பாமின் விளக்கம் இந்தப் பட்டியலைச் சுமக்காது. ஆசனத்திலிருந்து தொடங்கும் விளக்கம் சுமக்கும்.

ஹொப்ஸ்பாம் உரையாற்றிய நகரத்தை நினைத்தால் ஆசனத்தை அவர் விட்டுவிட்டது மேலும் உறுத்துகிறது. அயர்லாந்தின் சைக்கிளோட்டம் பல பத்தாண்டுகள் பிளவுபட்டே கிடந்தது. தீவு முழுவதற்கும் தாமே உரியவர்கள் என்ற சங்கத்தை, அரசியல் எல்லைக்குள் அடங்க மறுத்ததற்காக ஒன்றியம் வெளியே நிறுத்தியது. அந்த முறிவை 1930களின் நடுவில் வைப்பதா, இறுதியான நீக்கம் வந்த 1940களின் பிற்பகுதியில் வைப்பதா என்பதில் நான் முடிவுக்கு வரவில்லை. விளைவு மட்டும் தெளிவானது. 1956இல் மெல்பேர்ணில் வெளியே நிறுத்தப்பட்ட அணியினர் ஒலிம்பிக் வீதியோட்டத்தின் தொடக்கத்துக்கே வந்து நின்றார்கள், ஓட்டம் தாமதமாயிற்று. 1972இல் மியூனிக்கில் ஓட்டத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். தேச உணர்வில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. குறைந்தது ஆசனம். உணர்வு அணியைப் பெற்றெடுக்கும் என்றால் அவர்களே அயர்லாந்தின் அணி. அந்த வீதியிலோ அவர்கள் இடையூறு செய்தவர்கள்.

இனி உலகச் சம்பியன்ஷிப்புக்கு வருவோம். ஆண்டு முழுவதும் நிறுவன அணியில் சம்பளத்துக்கு ஓடும் வீரர், அந்த ஒரு நாள் மட்டும் தன் போட்டியாளர்களோடு சேர்ந்து ஒரே தேசத்தின் சட்டையை அணிகிறார். 1948இல் வல்கன்பேர்க்கில் கொப்பியும் பார்த்தாலியும் இத்தாலியின் ஒரே அணியில் இருந்தார்கள். ஒருவரையொருவர் கண்காணிப்பதிலேயே ஓட்டத்தைக் கழித்து, இருவரும் முடிக்காமல் இறங்கினார்கள். இத்தாலியச் சம்மேளனம் இருவரையும் இடைநிறுத்தியது. 1963இல் ரொன்ஸேயில், சொந்த மண்ணில், பெல்ஜியத்தின் தலைவர் றிக் வான் லோயை அதே அணியின் பெனோனி பெஹெய்ற் முந்தினார். தேசிய அணி தானாக ஒன்றுபடும் சமூகம் என்றால் சம்மேளனத்துக்குத் தண்டனை எதற்கு?

வென்றவருக்குக் கிடைக்கும் வானவில் சட்டையையும் ஒரு சாசனம்போல வாசிக்கலாம். வெள்ளை நிலத்தில் நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என ஐந்து பட்டைகள். வென்றது தேசத்தின் அணியில். சட்டையில் அந்தத் தேசத்தின் கொடிக்கோ நிறத்துக்கோ இடமில்லை. பட்டைகளின் மேலும் கீழும் வருவது அவருக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தின் பெயர். ஓர் ஆண்டு முழுவதும் அதை அணிந்து ஓடுகிறார். அடுத்த உலகச் சம்பியன்ஷிப் வந்ததும் அதைக் கழற்றிவிட்டுத் தேசச் சட்டைக்குத் திரும்புகிறார். 2025 செப்ரெம்பரில் கிகாலியில், ஆபிரிக்காவில் நடந்த முதலாவது உலக வீதிச் சம்பியன்ஷிப்பில், நடப்புச் சம்பியன் பொகாச்சர் சுலோவேனியாவின் சட்டையில் 267.5 கிலோமீற்றர் ஓடி மீண்டும் வென்றார். 30 பேரே ஓட்டத்தை முடித்தார்கள். மூன்றாவதாக வந்த பென் ஹீலி இங்கிலாந்தில் பிறந்தவர், ஓட்டியது அயர்லாந்துக்கு. 2023இல் கிளாஸ்கோவில் ஸ்கொட்லாந்து வீரர்கள் தங்கள் மண்ணிலேயே பிரித்தானியாவின் பேரில் ஓட்டினார்கள். 1900இன் வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.

கொழும்பிலிருந்து எழுதுபவருக்கு இந்தக் கேள்வி ஐரோப்பாவோடு நின்றுவிடுவதில்லை. இலங்கையின் ஒலிம்பிக் அமைப்பு 1937இல் அங்கீகாரம் பெற்றது. 1938 சிட்னி பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்ரிக்கஸ் குத்துச்சண்டையில் இலங்கைக்குத் தங்கம் வென்றார். சுதந்திரம் வர அப்போது பத்தாண்டு இருந்தது. அதே சிட்னியில் இந்தியாவின் பேரில் சைக்கிள் ஓட்டியவர் ஜான்கி தாஸ் ஒருவரே. இந்தியச் சைக்கிளோட்டச் சம்மேளனத்தின் தொடக்கமும் அந்த 1938ஆம் ஆண்டோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. இரு நாடுகளிலும் ஆசனமும் அணியும் வந்தபின்னரே அரசு வந்தது.

இலங்கையின் அணி எப்படிச் சேர்ந்தது என்பதற்குக் கொழும்புக் கிரிக்கெட் நல்ல சான்று. தமிழ் யூனியன், எஸ்.எஸ்.சி. எனும் சிங்களவர் கழகம், பறங்கியர் கழகம், சோனகர் கழகம், மலாயர் கழகம் என இனவாரியாகப் பிரிந்த கழகங்களில் ஆண்டு முழுவதும் ஆடியவர்களைச் சில நாட்களுக்குக் கடன் வாங்கியே இலங்கை அணி அமைந்தது. 1948 மார்ச்சில், சுதந்திரம் கிடைத்து இரண்டு மாதம் ஆகுமுன், கொழும்பு ஓவலில் பிராட்மனின் ஆஸ்திரேலியரை எதிர்த்த இலங்கைக்குத் தலைவர் மகாதேவா சதாசிவம். அன்று ஓவலில் கூடியவர்கள் உணர்ந்த இலங்கை உண்மையானது, அருமையானது. அது அணியால் விளைந்த உணர்வு.

ஹொப்ஸ்பாமுக்குச் சாதகமான ஒரு வழக்கை நானே எடுத்துக் கூறவேண்டும். 2014இல் சுவீடனின் ஒஸ்ரர்சுண்டில், அங்கீகாரமற்ற தேசங்களுக்கான உதைபந்தாட்டக் கிண்ணத்தில் தமிழீழம் என்ற பெயரில் புலம்பெயர் இளைஞர்கள் ஆடினார்கள். அங்கே உணர்வு முந்தியது, அணி பிந்தியது. மறுக்கவில்லை. ஆனால் அந்த அணி ஆடுவதற்கென்று ஆசனங்களுள்ள வேறொரு சம்மேளனம் தேவைப்பட்டது என்பதையும் பார்க்கவேண்டும். கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருப்போரின் பிள்ளைகள், மருமக்கள் சூரிச்சிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் வளர்கிறார்கள். 2024இல் உலகச் சம்பியன்ஷிப் சூரிச்சுக்கு வந்தபோது அந்தப் பிள்ளைகளுக்கு வீதியோரம் நிற்கச் சுவிஸ் அணி ஒன்று இருந்தது. எந்தச் சட்டை தன்னுடையது என்ற கேள்வி இக்குடும்பங்களுக்கு ஏட்டுச் சுரைக்காயன்று.

ஸ்டொக்ஹோம் பட்டியலுக்கு நேர்ந்தது நமக்கும் நேர்ந்திருக்கிறது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் சைக்கிள் ஓட்டிய மொறிஸ் குமாரவேல் அன்று சிலோனின் வீரர். 1972இல் நாடு பெயர் மாறிய பின், பல தரவுத்தொகுப்புகள் அக்காலத்து வீரர்களைச் சிறீ லங்கா என்ற தலைப்பின் கீழ் அடுக்குகின்றன. அரசு தொடர்ந்ததால் அதில் சட்டப் பிழை இல்லை. வரலாறு எழுதுபவருக்கு அது போதாது. ஓட்டத்துக்குப் பதிவான பெயரை முதலிலும் இன்றைய பெயரை அடுத்தும் அச்சிடவேண்டும். கிரப்புக்கு இங்கிலாந்து, குமாரவேலுக்குச் சிலோன்.

தேசிய அணி பிறந்தது எந்த ஆண்டு என்ற கேள்விக்கு 1893, 1900, 1912, 1921 என நான்கு விடைகள் சொல்லலாம். உரிமையைக் கொண்டு பார்த்தால் 1900, வீதியில் உலகப் பட்டத்தைக் கொண்டு பார்த்தால் 1921 என்பது என் கணிப்பு. சேர்ந்து ஓடும் அணியைக் கருதினால் 1927 என்று சொல்லத் தோன்றும். அன்று நூர்பேர்க்ரிங்கில் இத்தாலிய வீரர் பிந்தா ஏழு நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றார். ஜிரார்தெங்கோ, பியெமொன்தேசி, பெல்லோனி என அடுத்த மூவரும் இத்தாலியர். பிந்தாவும் ஜிரார்தெங்கோவும் வெவ்வேறு நிறுவன அணிகளின் தலைவர்கள். ஏழு நிமிட இடைவெளி சேர்ந்து ஓடியதைக் காட்டுகிறதா, தனித்தனியே ஓடியதைக் காட்டுகிறதா என்பதை முடிவுப் பட்டியலை மட்டும் வைத்துத் தீர்க்க இயலாது. 1927ஐ நான் கேள்விக்குறியோடுதான் எழுதுகிறேன்.